எங்கட கடலுக்கு முன்னால ஒரு சுஷிக்கடை

"பச்சை மீனை ஒரு பிடி சோத்துக்கு மேல வைச்சுத் தருவாங்களாம். அதுக்கு ஆயிரக்கணக்கில காசாம். எங்களுக்கென்ன விசரா?"

பேசாலையிலோ பள்ளிமுனையிலோ சுஷி என்ற சொல்லை எடுத்தால் வரும் பதில் பெரும்பாலும் இதுதான். பதிலில் நியாயமும் இருக்கு. காலையில் கரைக்கு வந்த மீனை மத்தியானம் புளிவிட்டுக் காய்ச்சிச் சாப்பிடுகிற ஊருக்கு, மீனைப் பற்றிக் கொழும்போ ரோக்கியோவோ வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் சுஷியின் வரலாற்றைக் கொஞ்சம் கிண்டிப் பார்த்தால் அதற்குள் மன்னார்க் கடலும் பாக்கு நீரிணையும் வந்து நிற்கின்றன. சாப்பிடுகிற மேசைப் பக்கமாக இல்லை, வலை இழுக்கிற பக்கமாக. அதைத்தான் இந்தக் கட்டுரையில் கதைக்கப் போகிறோம்.

சோற்றை எறிந்த காலம்

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் துடைத்துவிடுவோம். சுஷி என்றால் பச்சை மீன் என்று அர்த்தமில்லை. வெறும் பச்சை மீன் துண்டுக்குப் பெயர் சஷிமி. சுஷியின் உயிர் புளித்த சோற்றில்தான் இருக்கிறது.

அதன் பழைய வடிவத்துக்கு நரேசுஷி என்று பெயர். மீனைக் குடல் நீக்கி உப்பிட்டு, வெந்த சோற்றோடு அடுக்கி, மேலே கல்லை வைத்து மாதக்கணக்கில் விடுவார்கள். சோறு புளிக்கும். அந்தப் புளிப்பு மீனை அழுகாமல் காக்கும். பிறகு மீனை மட்டும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கூழாகிப் போன சோற்றை எறிந்துவிடுவார்கள். யப்பானின் பிவா ஏரிக் கரையில் இன்றைக்கும் ஃபுனாசுஷி என்ற பெயரில் இதைச் செய்கிறார்கள். மணம் எங்கட கருவாட்டு வாடியை ஞாபகப்படுத்தும் என்று வைத்துக்கொள்ளுங்கோ.

இந்த முறை யப்பானில் பிறந்ததே இல்லை என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நெல் வயலும் ஆற்று மீனும் ஒன்றாக இருந்த தென்கிழக்காசியாவில், மேக்கொங் ஆற்றை அண்டிய பகுதியில் இது தோன்றியிருக்கலாம் என்கிறார் உணவு வரலாற்றாசிரியர் நவோமிச்சி இஷிகே. எட்டாம் நூற்றாண்டு யப்பானியச் சட்டத் தொகுப்பில், அரசுக்கு வரியாகக் கட்ட வேண்டிய பொருட்களில் ஒன்றாகச் சுஷி வருகிறது. அதாவது அப்போது அது விருந்துச் சாப்பாடு இல்லை. கெட்டுப்போகாத மீன். எங்கட ஊரில் கருவாடு எந்த வேலையைச் செய்ததோ, அதே வேலையைத்தான் அங்கே சுஷி செய்தது.

காலம் போகப் போக மனிதருக்குப் பொறுமை குறைந்தது. மாதக்கணக்கில் காத்திருக்காமல், பாதி புளித்ததோடு சோற்றையும் சேர்த்துச் சாப்பிடத் தொடங்கினார்கள். பிறகு புளிக்க வைக்கிற வேலையையே விட்டுவிட்டு, சோற்றில் வினாகிரியைக் கலந்து அந்தப் புளிப்பை உடனே வரவழைத்தார்கள். இன்றைக்கு நாங்கள் காணும் சுஷிச் சோற்றில் வினாகிரி மணப்பது இதனால்தான். பல நூற்றாண்டுப் புளிப்பின் ஞாபகம் அது.

எடோவுக்கு முன்னால்

இப்போது உலகம் முழுவதும் தெரிந்த கையால் பிடித்த சுஷி, அதாவது நிகிரி, 1820களில் எடோ நகரத்தில் பிறந்தது. எடோ என்பது ரோக்கியோவின் பழைய பெயர். ஹனாயா யொஹெய் என்பவரைத்தான் இதற்குக் காரணமானவராகப் பொதுவாகச் சொல்லுவார்கள். அன்றைக்கு அது தெருவோரத் தள்ளுவண்டிச் சாப்பாடு. வேலைக்குப் போகிறவன் நின்ற நிலையில் இரண்டு மூன்றைக் கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போவான். ஒவ்வொன்றும் இப்போது இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது. எங்கட பஸ் ஸ்ராண்டுக் கடையில் வடையும் பிளேன்ரீயும் எப்படியோ, அப்படி.

அந்தச் சுஷிக்கு எடோமாயே என்று பெயர். 'எடோவுக்கு முன்னால்' என்பது அதன் பொருள். நகரத்துக்கு முன்னால் கிடந்த ஆழமில்லாத குடாவில் பிடிபட்ட மீன் என்று அர்த்தம். எங்கட சூடை மீனுக்கு உறவான கொஹாதா என்ற முள்ளு மீன், இறால், கணவாய், மட்டி, கடல் விலாங்கு. எல்லாம் கரையோரச் சாமான்கள். ஐஸ் இல்லாத காலம் என்பதால் பெரும்பாலானவை பச்சையாக வைக்கப்படவும் இல்லை. கொஹாதாவை உப்பிட்டு வினாகிரியில் ஊற வைத்தார்கள். இறாலை அவித்தார்கள். மட்டியை இனிப்புச் சாறில் வேகவைத்தார்கள். சூரை மீனைச் சோயாச் சாறில் ஊற வைத்தார்கள். இன்றைக்கு மிகப் பெரிய விலை போகிற கொழுப்பான சூரை வயிற்றுத் துண்டை அப்போது யாரும் மதிக்கவில்லை. பூனைகூடத் தாண்டிப் போகும் என்று அதற்குப் பட்டப் பெயர் இருந்ததாம்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறோம் என்றால், "அசல் சுஷி" என்று இன்றைக்கு விளம்பரம் செய்யப்படுகிற விஷயத்தின் அசல் இதுதான். தன் ஊருக்கு முன்னால் கிடக்கிற கடல், அந்தக் கடலில் அந்தப் பருவத்தில் கிடைக்கிற மீன், அதை ஒவ்வொன்றாக அறிந்து பக்குவப்படுத்துகிற கை. இந்த மூன்றும் பேசாலை அம்மாமாரிடம் இல்லையா? எந்தக் காத்துக்கு எந்த மீன் வரும், எந்த மீனைக் குழம்புக்கு விட வேணும், எதைச் சொதிக்கு வைக்க வேணும், எதைக் கீறி உப்புப் போட வேணும் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

1923 செப்ரெம்பரில் வந்த கன்ரோ நிலநடுக்கம் ரோக்கியோவை நாசமாக்கியது. வேலை இழந்த சுஷிச் சமையற்காரர் தங்கள் ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். அவர்களோடு சேர்ந்து எடோக்காரரின் சுஷி யப்பான் முழுவதும் பரவியது. பிறகு குளிரூட்டி வந்தது. 1958இல் யொஷியாகி ஷிரைஷி என்பவர் ஒசாகா பக்கம் ஓடும் பட்டியில் தட்டுகளைச் சுற்ற விட்டு மலிவுச் சுஷிக்கு வழி திறந்தார். இன்னொரு பக்கம் சுஷி விலை உயர்ந்த கலையாகவும் மாறிக்கொண்டிருந்தது. ரோக்கியோவில் நிலக்கீழ் ரெயில் நிலையத்தோடு ஒட்டிய சின்னக் கடையில் சுஷி பிடித்த ஜிரோ ஓனோவுக்கு 2007இல் மிச்சலின் மூன்று நட்சத்திரம் கிடைத்தது. 2014இல் ஒபாமா அங்கே போய்ச் சாப்பிட்டார். தள்ளுவண்டியில் தொடங்கிய சாப்பாடு ஜனாதிபதிமாரின் சாப்பாடாகிவிட்டது.

மாசியும் கட்சுவோபுஷியும்

யப்பான் சமையலுக்கும் எங்கட குசினிக்கும் இடையில் இன்னொரு உறவு இருக்கிறது. மாசிச் சம்பலை நினைத்துப் பாருங்கோ. மாலைதீவில் சூரையைத் துண்டு போட்டு, உப்புத் தண்ணியில் அவித்து, புகையிட்டு, வெயிலில் மரக்கட்டை மாதிரிக் காய வைப்பார்கள். திவேஹி மொழியில் 'மஸ்' என்றால் மீன். யப்பானில் கட்சுவோபுஷி என்பதும் அதே சூரை இனந்தான். அதே அவிப்பு, அதே புகை, அதே காய்ச்சல். உயர்ந்த வகைக்குப் பூஞ்சை பிடிக்க வைத்து இன்னும் காய வைப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அதைச் சீவி, கொம்பு என்ற கடற்பாசியோடு சுடுதண்ணியில் போட்டு எடுக்கிற சாறுதான் யப்பான் சமையலின் அத்திவாரம்.

1908இல் கிகுனாயே இகேதா என்ற வேதியியலாளர் கொம்புப் பாசியின் சுவை குளுட்டமேற்றால் வருகிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். 1913இல் அவருடைய மாணவர் ஷின்தாரோ கொதாமா, கட்சுவோபுஷியின் சுவைக்கு இனோசினேற்று காரணம் என்று காட்டினார். மாசியில் இருப்பதும் அதேதான். உமாமி என்ற சொல்லை அறியாமலே அம்மம்மா சம்பலில் மாசியை இடித்துப் போட்டதற்கு விளக்கம் ரோக்கியோ ஆய்வுகூடத்தில் கிடைத்தது என்று சொல்லலாம்.

1344இல் இபின் பத்தூத்தா மாலைதீவில் இருந்து இலங்கைக்குக் கப்பலில் வந்து புத்தளக் கரையில் இறங்கினார். மாலைதீவில் மீனை வெட்டி அவித்துப் புகையிட்டுப் பல தேசங்களுக்கு அனுப்பியதைத் தன் பயணக் குறிப்பில் சொல்கிறார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து அவரிடம் இருந்த முத்துகளைக் கண்டதையும் சொல்கிறார். மாசியும் மன்னார் வளைகுடா முத்தும் ஒரே பயணத்தில் ஒருவரின் கண்ணில் பட்டிருக்கின்றன. அதற்கும் முந்திய மாதோட்டத் துறைமுகத்தில் 1980களில் நடந்த அகழாய்வுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. தூரத்துத் தேசங்களோடு கொடுக்கல் வாங்கல் எங்கட கரைக்குப் புதுசில்லை.

கடலட்டைக் கதையும் இப்படித்தான். எடோ காலத்து யப்பான், காய்ந்த கடலட்டையையும் சுறாச் செட்டையையும் வைக்கோல் மூட்டைகளில் கட்டி நாகசாகி வழியாகச் சீனாவுக்கு அனுப்பியது. எங்கட சுழியோடிகளும் அட்டையை அவித்துக் காய வைத்து அதே சீனச் சந்தைக்குத்தான் அனுப்பினார்கள். யப்பான்காரர் அட்டையை வினாகிரியோடு பச்சையாகவும் சாப்பிடுகிறார்கள். நாங்கள் ஒருக்காலும் வாயில் வைக்கவில்லை. பிடிக்கிறவன் சாப்பிடாத சாமான் கடலில் நிறைய இருக்கு.

கொழும்பில் ஒரு மேசை

மன்னாரில் சுஷிக்கடை இல்லை. நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் கொழும்பு காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் இருக்கிற நிஹொன்பாஷி. தர்ஷன் முனிதாச அதை 1995இல் தொடங்கினார். அவர் ரோக்கியோவில் பிறந்தவர், அம்மா யப்பான்காரி, அப்பா இலங்கையர். சமையல் பள்ளிக்கூடத்தில் படித்தவர் இல்லை, அமெரிக்காவில் கணினிப் பொறியியல் படித்தவர். 2013இல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் என்ற பட்டியல் முதன்முதலாக வெளிவந்தபோது நிஹொன்பாஷி அதில் இருந்தது. 2011 முடிவில் அவர் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோரோடு சேர்ந்து பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 'மினிஸ்ரி ஒவ் க்ராப்' என்ற நண்டுக் கடையைத் திறந்தார். இலங்கைக் களப்பு நண்டு சிங்கப்பூரில் பெரிய பெயர் எடுத்திருந்தது. நல்ல நண்டெல்லாம் விமானம் ஏறிப் போக, நாட்டுக்குள் அதற்கென்று ஒரு பெயர் சொல்லும் கடை இருக்கவில்லை. அந்த இடைவெளியைத்தான் அந்தக் கடை பிடித்துக்கொண்டது. உறைய வைத்த சாமான் வைப்பதில்லை என்பதை அது கொள்கையாகவே சொல்கிறது.

1995 என்ற வருடத்தை ஒருக்கால் நின்று பாருங்கோ. அந்த வருடம் ஏப்ரலில் போர் திரும்பத் தொடங்கியது. ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மன்னார்த் தீவு படையினரின் கட்டுப்பாட்டில் இருந்தது. கடலுக்குப் போகப் பாஸ் வேணும், போகிற நேரத்துக்குக் கட்டுப்பாடு, தூரத்துக்குக் கட்டுப்பாடு, இயந்திரத்துக்குக் கட்டுப்பாடு. 1990 ஒக்ரோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம் மக்கள், அவர்களிலும் கடற்தொழிலாளர் எத்தனையோ பேர், புத்தளத்து முகாம்களில் இருந்தார்கள். கொழும்பில் ஒருவர் நல்ல மீனைத் தேடி யப்பான் கடை திறந்த அதே காலத்தில், நல்ல மீனுக்குப் பெயர்போன கரையில் மனிதர் கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் குந்தியிருந்தார்கள். இதில் அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே சின்னத் தீவுக்குள் இரண்டு காலம் ஓடியது என்பதைத்தான் சொல்கிறோம்.

சரி, நல்ல சுஷிக்கடை ஒன்றில் எப்படிச் சாப்பிடுவது? எங்களில் சிலருக்கு இது வெட்கம் கலந்த கேள்வி. கரண்டி முள்ளுக்கரண்டியே பழக்கமில்லை, இதில் குச்சி வேறு. பயப்படத் தேவையில்லை. நிகிரியைக் கையால் சாப்பிடலாம், அதுதான் தள்ளுவண்டிக் காலத்துப் பழக்கமே. சமையற்காரருக்கு முன்னால் இருக்கிற மரப் பலகையோரம் இருந்தால், அவர் பிடித்து வைக்க வைக்க ஒவ்வொன்றாக உடனே சாப்பிட வேணும். சோறு உடம்புச் சூட்டில் இருக்கும், ஆற விட்டால் கதை முடிந்தது. சோயாவில் தோய்ப்பதென்றால் மீன் பக்கத்தைத் தோயுங்கோ, சோற்றுப் பக்கத்தைத் தோய்த்தால் உதிர்ந்துவிடும். இஞ்சி ஊறுகாய் சுஷிக்கு மேல் வைப்பதற்கில்லை, ஒரு மீனின் சுவையை வாயில் இருந்து துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போவதற்கு. பச்சை நிற வசாபி பல இடங்களில் முள்ளங்கி இனத்து வேறு கிழங்கும் கடுகும் சாயமும்தான். உயர்ந்த கடையில் உண்மையான வசாபிக் கிழங்கை உங்கட கண்ணுக்கு முன்னால் உரைத்துத் தருவார்கள். 'ஒமகாசே' என்று சொன்னால் "உங்கட விருப்பம், நீங்களே தாங்கோ" என்று அர்த்தம். அன்றைக்கு எது நல்லதோ அதை அவர் தருவார்.

ஒமகாசே என்ற சொல் எங்களுக்குப் பிடித்திருக்கு. மீன்காரர் சைக்கிளை நிற்பாட்டி, "இண்டைக்கு விளைமீன் எடுங்கோ அக்கா, பாரை வேண்டாம்" என்று சொல்வதும், அக்கா மறுபேச்சில்லாமல் எடுப்பதும் அதேதானே.

முத்தில் படித்த பாடம்

மன்னாருக்கும் யப்பானுக்கும் நேரடியாகக் கணக்கு இருக்கிற ஒரு விஷயம் முத்து. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் சிலாபம் கூடிய காலத்தில், தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம், அரபுக் கரை எல்லாம் வந்து இறங்கும். சுழியோடிகள் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கு ஏலத்தில் போகும். ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அரிப்பில் கட்டுவித்த மாளிகையின் சிதைவு இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

சிப்பியின் இறைச்சியை யாரும் சாப்பிடவில்லை. கொட்டில்களில் குவித்து அழுக விட்டார்கள். இலையான் மொய்த்து, புழு தின்று முடித்த பிறகு கழுவி முத்தைப் பொறுக்கினார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத வெள்ளைக்காரப் பயணி குறைவு.

1902இல் பேராசிரியர் ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹோர்னெலும் பார்களை ஆராய வந்தார்கள். 1905 சிலாபம் பெரும் வெற்றி. அந்தச் சந்தோசத்தில் 1906இல் முத்துப் பார்களை 20 வருடக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பனியிடம் கொடுத்தார்கள். 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாகின. கம்பனி சில வருடங்களிலேயே கலைந்துபோனது. 1925இல் நடந்த ஒரு சிலாபத்தோடு அந்தப் பெருங்காலம் அடங்கியது.

இதே காலத்தில் யப்பானில் மிகிமொதோ கொகிச்சி என்ற, நூடில்ஸ் கடைக்காரரின் மகன் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மன்னார்ச் சிப்பிக்கு மிக நெருங்கிய உறவான அக்கோயாச் சிப்பிக்குள் கருவொன்றை வைத்து, 1893இல் அரைக்கோள முத்தை வளர்த்தெடுத்தார். 1920களில் வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிறைத்தது. அதற்குப் பிறகு இயற்கை முத்துக்கு ஒருக்காலும் பழைய இடம் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் எடுத்துக்கொண்டே போனவர்கள், மறுபக்கம் வளர்த்துப் பார்த்தவர்கள். பாடம் தெளிவானது. ஆனால் பாடத்தின் இரண்டாம் பாதியையும் படிக்க வேணும். மன்னார்ச் சுழியோடியிடம் குத்தகை பற்றி யாரும் கேட்கவில்லை. முடிவு கொழும்பிலும் லண்டனிலும் எடுக்கப்பட்டது. கடல் வெறுமையானபோது கம்பனி கணக்கை மூடிவிட்டுப் போனது. கரையில் இருந்தவனுக்கு மூடுவதற்குக் கணக்குப் புத்தகம் இல்லை.

இறாலின் வழி

இனித்தான் சுஷித் தட்டு எங்கட வலைக்கு வந்து சேர்கிறது. 1960களில் யப்பான் பணக்கார நாடாகிக்கொண்டிருந்தது. ரோக்கியோக் குடாவை மண் போட்டு நிரப்பித் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் கட்டினார்கள். 'எடோவுக்கு முன்னால்' இருந்த கடற்தொழிலாளர் தங்கள் தொழில் உரிமையை விட்டுக்கொடுத்து நட்டஈடு வாங்கினார்கள். குடா சுருங்கியது, பசி பெருத்தது. 1961இல் இறால் இறக்குமதிக்கு இருந்த தடைகளை யப்பான் நீக்கியது. அதற்குப் பிறகு ஆசியாவின் ஆழங்குறைந்த வெப்பக் கடல்கள் எல்லாம் யப்பானின் இறால் குளமாகின. இந்தக் கதையை யொஷினோரி முராய் என்ற யப்பானிய ஆய்வாளரே 1988இல் 'யப்பானியரும் இறாலும்' பற்றிய தன் புத்தகத்தில் இந்தோனேசியாவை வைத்து எழுதினார். இந்தோனேசிய அரசு சின்னத் தொழிலாளரின் எதிர்ப்புக்குப் பிறகு 1980இல் இழுவைப் படகுகளைத் தடை செய்தது.

எங்கட பக்கம் என்ன நடந்தது? 1950களில் கேரளத்தில் தொடங்கிய இந்திய நோர்வேத் திட்டம் இழுவைமடியை அறிமுகப்படுத்தியது. ஏற்றுமதி இறாலின் விலை ஏற ஏற, தமிழ்நாட்டுக் கரையில் இழுவைப் படகுகள் பெருகின. இந்திய இறாலை நீண்ட காலம் அதிகமாக வாங்கியது யப்பான்தான். 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் கோடு போட்டன. இறாலுக்குக் கோடு தெரியாது. போர்க் காலத்தில் எங்கட ஆட்கள் கரையில் முடங்க, இழுவைப் படகுகள் இந்தப் பக்கக் கடலில் பழகிவிட்டன. 2009க்குப் பிறகு வலையோடு திரும்பிப் போனவர்கள் கண்டது அறுந்த வலைகளையும் வாரித் துடைத்த அடியையும்தான். 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. ஆனாலும் பிரச்சினை இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை.

ராமேஸ்வரத்து இழுவைப் படகில் கூலிக்குப் போகிற தமிழனும், தலைமன்னாரில் வலை இழந்த தமிழனும் ஒருவரையொருவர் பார்த்துக் கோபப்படுகிறார்கள். இரண்டு பேருக்கும் மேலே ஒரு விலை இருந்தது. அந்த விலையைத் தீர்மானித்தது தூரத்து நகரம் ஒன்றின் சாப்பாட்டு மேசை. இதைச் சொல்வதால் இழுவைமடியை நியாயப்படுத்தவில்லை. கடலடியை வாரி அழிக்கிற தொழிலுக்கு நியாயமே இல்லை. கோபத்தின் முகவரியைச் சரியாக எழுத வேணும் என்கிறோம், அவ்வளவுதான்.

சிலாபம், புத்தளம் பக்கம் 1980களில் முளைத்த இறால் பண்ணைகளும் யப்பான் சந்தையை நம்பித்தான் வளர்ந்தன. கண்டல் காடுகளை வெட்டிக் குளம் தோண்டினார்கள். 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணைகளை நாசமாக்கியது. கைவிட்ட உப்புக் குளங்கள் மிஞ்சின. முத்துக்குத் தோண்டிய அதே குழியில் இறாலுக்காக இன்னொரு தடவை விழுந்தோம்.

ஐஸ் யாரிடம், பெயர் யாரிடம்

நல்ல சுஷிக்கடையில் இருந்து நாங்கள் படிக்கக் கூடியது என்ன என்று கேட்டால், பச்சையாகத் தின்பதை இல்லை. கரையில் வாங்கிய மீனை அப்படியே வெட்டி வாயில் போடாதீர்கள். மீனில் புழு இருக்கலாம். அதைக் கொல்ல நன்றாக வேக வைக்க வேணும், அல்லது -20 பாகையில் நாட்கணக்கில் உறைய வைக்க வேணும். சூரை, கும்பளா போன்றவை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும், பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் அது போகாது.

படிக்க வேண்டியது மீனைக் கையாளுகிற மரியாதையை. யப்பானில் 'இகேஜிமே' என்று ஒரு முறை உண்டு. பிடித்த மீனைத் துடிதுடித்துச் சாக விடாமல், மூளையில் ஒரே குத்து. செவுளுக்குப் பக்கத்தில் வெட்டி இரத்தத்தை வடிப்பார்கள். முள்ளந்தண்டுக்குள் கம்பி விட்டு நரம்பை அழிப்பார்கள். பிறகு ஐஸ் தண்ணி. துடித்துக் களைத்துச் செத்த மீனின் தசை சீக்கிரம் விறைத்துச் சீக்கிரம் கெடும். அமைதியாகச் செத்த மீன் நாட்கணக்கில் நிற்கும், சுவையும் ஏறும். இதற்குத் தேவை ஒரு குத்தூசி, ஒரு கத்தி, ஒரு கம்பி, போதிய ஐஸ். முதல் மூன்றும் எங்களிடம் இருக்கு. நாலாவதில்தான் எல்லாம் சிக்குது.

மன்னாரில் இருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். மீன் றெஜிபோம் பெட்டியில் லொறி ஏறுகிறது. ஐஸ் யாருடையதோ, லொறி யாருடையதோ, விலையும் அவருடையதுதான். சம்மாட்டியிடமோ முதலாளியிடமோ வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் வாங்கியவர், அவர் சொல்கிற விலைக்கு அவரிடமே மீனைக் கொடுக்க வேணும். 2022 ஓகஸ்ரில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே நாளில் 340 ரூபாய் ஆனபோது, சின்னப் படகுகள் பல கரையேறிக் கிடந்தன. அப்போதும் தூரத்துத் தட்டில் மீன் குறைந்ததாகத் தெரியவில்லை, குறைந்தது எங்கட சட்டியில். நீல நண்டும் இப்படித்தான் போகிறது. எங்கட பெண்கள் கூலிக்கு இருந்து ஓட்டை உடைத்துச் சதை எடுக்க, அது பெட்டியில் அடைபட்டு அமெரிக்காவுக்குப் போகிறது. நல்ல நண்டு ஏற்றுமதிக்கு, கால் ஒடிந்தது கூழுக்கு என்பது வீடுகளில் எழுதாத சட்டம்.

ரோக்கியோவின் நல்ல சுஷிக்கடையில் மீனுக்கு ஊர்ப் பெயர் உண்டு. எந்தத் துறைமுகத்து மீன், எந்த முறையில் பிடித்தது என்று கேட்டால் சமையற்காரர் சொல்லுவார். அந்தப் பெயருக்குத்தான் காசு. அந்தக் காசில் ஒரு பங்கு அந்தத் துறைமுகத்துக்கு நம்பகமாகத் திரும்பிப் போகும்போதுதான் அங்கே ஒருவர் மீனைக் குத்தி, இரத்தம் வடித்து, ஐஸில் வைக்க நேரம் செலவழிக்கிறார். கொழும்பு ஹொட்டேல்களின் பட்டியலில் நோர்வேச் சால்மனுக்கு ஊர்ப் பெயர் போட்டிருப்பார்கள். பேசாலை அறக்குளாவுக்கும் வங்காலைக் கணவாய்க்கும் ஊர்ப் பெயர் போடுவது குறைவு. 'உள்ளூர் மீன்' என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும். பெயர் இல்லாத மீனுக்குப் பேரம் பேசவும் முடியாது.

ஆகவே மன்னாரில் சுஷிக்கடை வர வேணுமா என்று எங்களிடம் கேட்டால், வரட்டும், வந்தால் போய்ச் சாப்பிடுவோம் என்றுதான் சொல்லுவோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று இருக்கு. கடற்தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் சொந்த ஐஸ் ஆலையும் குளிர் லொறியும் எப்போது வரும்? இறங்குதுறையில் மீன் கூறுகிறபோது கொழும்பு விலை எல்லோரும் பார்க்கிற மாதிரிப் பலகையில் எப்போது எழுதப்படும்? மன்னார் மீன் மன்னார் என்ற பெயரோடு எப்போது சந்தைக்குப் போகும்? முத்துக் குத்தகையில் எங்களை யாரும் கேட்கவில்லை, இறால் விலையிலும் கேட்கவில்லை. வடக்கில் அட்டைப் பண்ணைகளுக்குக் கடலைப் பிரித்துக் கொடுக்கிற இந்தக் காலத்திலாவது, முடிவு எழுதுகிற மேசையில் எங்கட கரைக்கு ஒரு கதிரை வேணும். சாப்பாட்டு மேசையில் கதிரை கிடைப்பதைப் பற்றிப் பிறகு கதைப்பம்.